காவல்காரனை மயக்கிய வேர்

திருவண்ணாமலை தேரடி வீதியில் நான் வழக்கமாகப் போகும் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் ஒரு சாக்குப் பையில், வாய் பிளந்தபடி, கடுக்காய்க்கும் திப்பிலிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். பார்க்க ஒன்றுமில்லை. பென்சில் பருமனில் சுள்ளிகள். மேலே தவிட்டு நிறத் தோல். ஒடித்தால் உள்ளே மஞ்சளாக, நார் நாராகப் பிரியும். வாயில் போட்டால் முதலில் மண்ணும் மரமும்தான் தெரியும். சர்க்கரையைப் போல நாக்கில் பட்டதும் பல்லைக் காட்டாது. கொஞ்சம் மென்ற பிறகு தொண்டைப் பக்கமாக ஓர் இனிப்பு எழும்பி வரும். வந்தால் லேசில் போகாது. மேலே காபி குடித்தாலும் அடியில் இருக்கும்.

"எங்கேர்ந்து வருதுங்கய்யா இது?" என்று ஒருமுறை கேட்டேன். கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் மேற்கே தலையை ஆட்டினார். "எல்லாம் மலையிலேர்ந்துதான் தம்பி."

இந்த ஊரில் அந்தப் பதிலை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. இடைக்காட்டுச் சித்தர் அடங்கிய மலை என்பது நம்பிக்கை; அதில் இல்லாத மூலிகையா? ஆனால் அதிமதுரம் அண்ணாமலையில் முளைப்பதில்லை, ஜவ்வாது மலையிலும் இல்லை. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி மத்தியதரைக் கடலோரத்திலிருந்து மத்திய ஆசியா வரை, வறண்ட வெயிலும் ஆற்றோர மணலும் உள்ள இடங்களில் வேர் விடுவது. நம் ஊர் சாக்குப் பைக்கு அது வந்து சேர்ந்தது ஒரு பரதேசியாகத்தான். மரியாதையாகவே சொல்கிறேன், இந்த ஊரில் பரதேசிகளுக்கும் குறைவில்லை, அவர்களுக்குச் செய்யும் மரியாதைக்கும் குறைவில்லை.

அதன் பூர்வீகத்தைத் தோண்ட வைத்தவர் என் பெரியம்மா. இருமலுக்கு என்று ஆரம்பித்தார். காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் அதிமதுரக் கஷாயம். இருமல் போயிற்று, கஷாயம் போகவில்லை. நாலு மாதம் கழித்து ஒரு பௌர்ணமி கிரிவலத்தில், அடி அண்ணாமலை தாண்டியதும், மெட்டி விரலைக் கடிக்கிறது என்று ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மறுநாள் மருத்துவரிடம் போனால் ரத்த அழுத்தம் 170க்கு 100. ரத்தத்தில் பொட்டாசியம் ஏகத்துக்கும் குறைவு. "வீட்ல வேற என்ன சாப்பிடறீங்க?" என்றார் மருத்துவர். "ஒண்ணுமில்லைங்க, அதிமதுரம்தான்" என்றார் பெரியம்மா. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வேர்தானேடா, அது என்ன பண்ணும்?" வீடு திரும்பும்வரை பெரியம்மா கேட்டுக்கொண்டே வந்தார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கண்டுபிடிக்க உலகத்துக்கு 2,300 ஆண்டு பிடித்தது.

கேள்வியின் முதல் நுனி கருங்கடலுக்கு வடக்கே இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில் 'சித்திய வேர்' என்று ஒன்று வருகிறது. சித்தியர் என்றதும் நம் சித்தர்களுக்கு உறவோ என்று நினைக்க வேண்டாம். அவர்கள் அசோவ் கடலை ஒட்டிய புல்வெளிகளில் குதிரை மேலேயே வாழ்ந்த நாடோடிகள். இந்த வேர் வறட்டு இருமலுக்கும் இரைப்புக்கும் நல்லது என்கிறார் தியோஃப்ராஸ்டஸ். அதோடு ஒரு செய்தி: வாயில் இதை அடக்கிக்கொண்டு, குதிரைப் பாலில் செய்த பாலாடைக்கட்டியைத் தின்றபடி, சித்தியர்கள் பதினொன்று, பன்னிரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் போவார்களாம். அளந்து விட்டிருக்கலாம். ஆனாலும் 'தண்ணீர்' என்ற சொல்லை ஒரு கயிற்றில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவிழ்ப்போம்.

பெயர் வைக்கும் விஷயத்தில் உலகமே இந்த வேரிடம் ஒரே மாதிரி நடந்துகொண்டது வேடிக்கை. கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடீஸ் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெயர் கிளிசிரைசா; 'கிளைகிஸ்' இனிப்பு, 'ரைசா' வேர். அதை லத்தீன்காரர்கள் கடித்து மென்று லிக்விரிட்டியா ஆக்க, அதுவே ஆங்கிலத்தில் லிக்கரிஸ் ஆயிற்று. வடமொழியில் யஷ்டிமது, இனிப்புக் கோல். சீனத்தில் கான்சாவ், இனிப்புப் புல். நாம் ஒரு படி மேலே போய் அதிமதுரம் என்றோம். எல்லோரும் நாக்கை நம்பிப் பெயர் வைத்தார்கள். காலையும் கணுக்காலையும் யாரும் பார்க்கவில்லை.

சீன மருத்துவத்தில் அதற்கு ஒரு பட்டமே உண்டு: 'குவோலாவ்', நாட்டின் மூத்தவர். ஒரு கஷாயத்தில் பத்துச் சரக்கு சண்டை போட்டால் நடுவே உட்கார்ந்து பஞ்சாயத்து செய்து வைக்கும் பெரியவர் என்று பொருள். அதனால் எண்ணற்ற சீனக் கூட்டு மருந்துகளில் அது உண்டு. அங்கிருந்து கடல் தாண்டி ஜப்பான் போயிற்று. 756இல் பேரரசி கோம்யோ, இறந்த கணவரின் நினைவாக நாரா நகரத்து தோதாய்ஜி கோயிலுக்குப் பொருள்களைத் தானம் செய்தபோது மருந்துச் சரக்குகளும் பெட்டி பெட்டியாகப் போயின. அவற்றில் அதிமதுரமும் ஒன்று. ஷோசோயின் என்ற மரக் கருவூலத்தில் அது இன்னும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் எடுத்துச் சோதித்தபோது அந்த இனிப்புப் பொருள், கிளிசிரைசின், உள்ளே அப்படியே இருந்தது. பன்னிரண்டு நூற்றாண்டு ஆறப்போட்டும் இனிப்பு ஆறவில்லை.

அரபு நாட்டில் அது மருந்தாக மட்டும் இருக்கச் சம்மதிக்கவில்லை. கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் நோன்பு மாதத்தில் பெரிய குடத்தை மார்போடு கட்டிக்கொண்டு, பித்தளைத் தாளத்தை ஒலித்தபடி வரும் 'எர்க் சூஸ்' விற்பனைக்காரர் ஊற்றித் தருவது குளிர்ந்த அதிமதுரச் சாறுதான். மேலே நுரை ததும்பும். அந்த நுரைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

இந்தியாவில் சரகரும் சுசுருதரும் யஷ்டிமதுவை அறிவார்கள். சித்த மருத்துவத்தில் அதிமதுரம் இல்லாத பெட்டி கிடையாது. இன்றைக்கும் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கமிருந்து மூட்டையாக வந்து டெல்லி காரி பாவ்லியில் இறங்கி, சென்னை ராசப்ப செட்டி தெருவுக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து சின்ன ஊர்க் கடைகளுக்குப் போகிற சரக்கு இது. ஒரு வேடிக்கை: பொருள் வெளியூர்க்காரனாக இருக்க, பெயர் மட்டும் தமிழ்ப் புலவர் ஒருவருக்குப் பட்டமாக ஒட்டிக்கொண்டது. திருமலைராயன் அவையில் அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்களுக்குத் தலைவராக இருந்தவர் அதிமதுரகவி; அவரைக் காளமேகம் யமகண்டம் பாடி மண்ணைக் கவ்வ வைத்த கதையைத் தமிழ் வாத்தியார்கள் நன்றாகவே நடித்துக் காட்டுவார்கள். பாடுகிறவர்களுக்கும் இந்த வேருக்கும் உள்ள நட்பு வேறு வகை. அருணகிரிநாதர் பிறந்த ஊரில் திருப்புகழ் சபைக்குப் போகிறவர் சட்டைப் பையில் ஒரு துண்டு அதிமதுரம் இல்லாமல் இருக்காது. பாட்டு நடுவில் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள்.

கிராக்கி உள்ள சரக்குக்குப் போலி வராமல் இருக்குமா? நம் வேலிகளில் படர்ந்து கிடக்கும் குன்றிமணிக் கொடியின் வேரும் கொஞ்சம் இனிக்கும். கறுப்புக் கண் வைத்த சிவப்புக் குன்றிமணியைத் தட்டான் தங்கம் நிறுக்க வைத்திருப்பார். உடைத்து விழுங்கினால் ஆளைக் கொல்லும். அதன் வேரைத்தான் ஆங்கிலேயர்கள் 'இந்திய அதிமதுரம்' என்று அழைத்தார்கள். அது வெறும் சந்தைப் போலியாக நின்றுவிடவும் இல்லை. 1844இல் வங்காள மருந்து நூலிலும், 1868இல் இந்திய மருந்து நூலிலும், அசல் கிடைக்காத இடத்தில் பயன்படுத்தலாம் என்று அரசு முத்திரையோடு ஏறிவிட்டது. நம் நாட்டுச் சரக்குகளின் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கவென்றே மறு ஆண்டு சென்னையிலிருந்து மூதீன் ஷெரீஃப் என்ற மருத்துவர் அந்த நூலுக்கு ஓர் இணைப்பு நூல் வெளியிட்டார். ஒரு பெயரில் இரண்டு சரக்கு, ஒரு சரக்குக்கு நாலு பெயர் என்று கிடந்த கடைத்தெருவில் அவர் செய்தது எவ்வளவு பெரிய வேலை என்பது நாட்டு மருந்துக் கடைப் பட்டியலை ஒருமுறை படித்தவருக்குத் தெரியும்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேர் மிட்டாயாகிக்கொண்டிருந்தது. இத்தாலியின் தென்முனையில், கலாப்ரியாவில், அமரெல்லி குடும்பம் 1731 முதல் அதிமதுரச் சாற்றைக் காய்ச்சிக் கறுப்புக் கட்டியாக்கி விற்கிறது. இங்கிலாந்தின் பாண்டிஃப்ராக்ட் ஊரில் ஜார்ஜ் டன்ஹில் என்ற மருந்துக்காரர் 1760இல் அந்தக் கறுப்பு வில்லையில் சர்க்கரையைச் சேர்த்தார். ஏற்கெனவே சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிக்கும் பொருளுக்குச் சர்க்கரை எதற்கு என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நேற்று வரை இருமல் மருந்து, இன்று முதல் பிள்ளைகளின் தீனி. 1899இல் பேசட் கம்பெனியின் விற்பனையாளர் சார்லி தாம்ப்சன் லெஸ்டர் நகரத்து வியாபாரி முன்னால் மாதிரித் தட்டைத் தவறவிட்டார். தனித்தனியாக அடுக்கியிருந்த வண்ண மிட்டாய்களும் கறுப்பு அதிமதுரத் துண்டுகளும் கலந்து கொட்டின. கலவையைப் பார்த்த வியாபாரி, இப்படியே கொடுங்கள் என்றாராம். 'ஆல்சார்ட்ஸ்' என்று அந்தக் கலவை இன்றும் கடையில் கிடைக்கிறது. டச்சுக்காரர்களும் ஃபின்லாந்துக்காரர்களும் இன்னும் துணிந்தவர்கள். நாம் ஈயம் பூச வைத்திருக்கும் நவச்சாரத்தை அதிமதுர மிட்டாயில் போட்டு, உப்புக் கரிக்க ரசித்துச் சாப்பிடுகிறார்கள். ருசிக்கு விசாரணை கிடையாது.

மிட்டாயைவிடப் பெரிய வாடிக்கையாளன் புகையிலை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்மிர்னா துறைமுகத்தில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில், மெக்ஆண்ட்ரூஸ், ஃபோர்ப்ஸ் என்ற இருவர் அதிமதுர வியாபாரம் தொடங்கினார்கள். பிறகு அமெரிக்காவுக்குச் சரக்கும் ஆலையும் போயின. புகையிலையின் காரத்தை மழுக்கவும், இலை காயாமல் ஈரமாக இருக்கவும் அதிமதுரச் சாறு தோதாக இருந்தது. இருமலுக்கு மருந்தான வேர், இருமலை உண்டாக்கும் சரக்குக்கு மெருகாயிற்று. அந்தக் கம்பெனியை 1980இல் ரொனால்டு பெரல்மன் என்ற முதலாளி வாங்கினார். அந்தப் பெயரிலேயே கண்டதையும் வாங்கிக் குவித்து, 1989இல் மார்வல் காமிக்ஸையும் வாங்கினார். ஆக, ஸ்பைடர்மேன் சில காலம் அதிமதுர மண்டிப் பெயருக்குக் கட்டுப்பட்டிருந்தான்.

நுரைக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யப் பேரரசில் அலெக்சாந்தர் லோரான் என்ற பொறியாளர் எண்ணெய்த் தீயை அணைக்க நுரையைப் பயன்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். எண்ணெய் மேல் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்துகொண்டே பரவும். நுரை போர்வை போல மூடி மூச்சை அடைக்கும். அந்தக் கால நுரைக் கலவைகளில் குமிழி உடையாமல் நிற்க அதிமதுரச் சாறு சேர்ப்பது வழக்கமாயிற்று. கெய்ரோ வியாபாரி குடத்தில் ததும்பிய அதே நுரைதான். அக்னித் தலத்தில், தீபத்தன்று கோயிலைச் சுற்றி நிற்கும் தீயணைப்பு வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இனி முடிச்சை அவிழ்க்கலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். நெதர்லாந்தின் ஹீரன்வேன் என்ற சிற்றூரில் ஒரு மருந்துக் கடைக்காரர் கொடுக்கும் கறுப்புக் குழம்பு வயிற்றுப்புண்ணை ஆற்றுகிறது என்று ஊரெங்கும் பேச்சு. ரீவர்ஸ் என்ற மருத்துவர் அதைப் பொருட்படுத்தி விசாரித்தார். குழம்பில் பெரும்பங்கு அதிமதுரச் சாறு. தன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1946இல் எழுதினார்: புண் ஆறுகிறது. ஆனால் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்குகின்றன. பெரியம்மாவின் மெட்டி அன்றே ஹீரன்வேனில் கடித்திருக்கிறது.

வேறொருவராக இருந்தால் மருந்தைத் தூக்கிப் போட்டிருப்பார். ஆம்ஸ்டர்டாமில் போர்ஸ்ட் என்பவரின் குழு வீக்கத்தையே பிடித்துக்கொண்டது. சாற்றைக் குடித்தவர்களின் சிறுநீரை அளந்தார்கள். உப்பு வெளியே போவது நின்றுவிடுகிறது, உப்போடு தண்ணீரும் உடம்பிலேயே தங்கிவிடுகிறது, பொட்டாசியம் மட்டும் வெளியேறுகிறது, அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உப்பு ஹார்மோன் செய்கிற வேலை முழுவதையும் ஒரு வேர் செய்கிறது என்று 1950இல் லான்செட் இதழில் அறிவித்தார்கள். சித்தியர்களின் பன்னிரண்டு நாளுக்கு இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீரை உடம்பு விடாமல் பிடித்துக்கொள்ள வைக்கும் வேரைத் தாகம் தீர்ப்பது என்று ஒரு குதிரைக்காரன் நினைத்திருந்தால் அவனை நான் கேலி செய்யவும் மாட்டேன்.

துப்பறியும் கதைக்கு வேண்டிய இடறல் 1953இல் வந்தது. அட்ரீனல் செயலிழந்த அடிசன் நோயாளிகளுக்கு உப்பு தங்காது. அவர்களுக்கு அதிமதுரம் வரப்பிரசாதமாக இருக்க வேண்டும். சுரப்பி அறவே நின்றுபோனவர்களிடம் அது தனியாக எடுபடவில்லை. கார்ட்டிசோன் மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் எடுபட்டது. அப்படியானால் அதிமதுரம் தானே ஹார்மோன் வேஷம் போடவில்லை. யாரோ உள்ளே இருக்கும் இன்னொருவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. யாருக்கு, எப்படி? அதே 1953இல் ஆல்டோஸ்டீரோன் என்ற அசல் உப்பு ஹார்மோனும் கண்டுபிடிக்கப்பட்டது. 1968இல் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான், அதிமதுர மிட்டாய் தின்று அழுத்தம் ஏறியவரிடம் அந்த ஆல்டோஸ்டீரோன் குறைந்தே கிடப்பதைக் காட்டினார். திருடன் அவனில்லை.

விடை 1987இல் இரண்டு ஊர்களில் பாதிப் பாதியாகக் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் சால்க் நிறுவனத்தின் ரொனால்டு எவான்ஸ் குழு, செல்லுக்குள் ஆல்டோஸ்டீரோனை வாங்கிக்கொள்ளும் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. ஏற்பி என்பார்கள். பார்த்தால் அந்த ஏற்பி, மன அழுத்த ஹார்மோன் என்று பேர் வாங்கிய கார்ட்டிசாலையும் அதே பலத்தோடு பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆல்டோஸ்டீரோன் ஒன்று என்றால் கார்ட்டிசால் நூறு முதல் ஆயிரம். பிறகு எப்படி ஆல்டோஸ்டீரோனுக்கு இடம் கிடைக்கிறது?

தீபத்தன்று சாயங்காலம் இந்த ஊரில் இருந்தவருக்கு விளக்கவே வேண்டாம். கோயிலுக்குள் போக அனுமதி அட்டை வைத்திருப்பவர் சிலர். தெருவில் நிற்பது லட்சம். வாசலில் ஒரு காவல்காரர் நிற்காவிட்டால் அட்டைக்காரர் மதிலைக்கூடத் தொட முடியாது. செல்லில் அந்தக் காவல்காரர் ஒரு நொதி. வருகிற ஒவ்வொரு கார்ட்டிசாலையும் பிடித்து, அதன் உடம்பில் ஓரிடத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்து, கார்ட்டிசோனாக்கி அனுப்பிவிடுகிறது. கார்ட்டிசோன் ஏற்பியில் பொருந்தாது. ஆல்டோஸ்டீரோனிடம் அந்த நொதியின் ஜம்பம் பலிப்பதில்லை. அது நேரே உள்ளே போகிறது. அதிமதுரத்தின் இனிப்பு குடலில் உடைந்து உருவாகும் கிளிசிரெட்டினிக் அமிலம் அந்தக் காவல்காரரின் கையைக் கட்டிப்போடுகிறது என்று எடின்பரோவில் எட்வர்ட்ஸ், ஸ்டூவர்ட் குழு அதே ஆண்டு காட்டியது. மறு ஆண்டு மெல்போர்னில் ஃபண்டர் குழுவும் காவல் ஏற்பியிடம் இல்லை, நொதியிடம்தான் என்று உறுதி செய்தது. கூட்டம் உள்ளே புகுந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர்கள், வந்தவர் யார் என்று பார்க்காமல் பூசையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

என்ன பூசை என்பது சன்னிதியைப் பொறுத்தது. ஏற்பி ஹார்மோனைப் பிடித்ததும் செல்லின் நடுவிலுள்ள உட்கருவுக்குப் போகிறது. உட்கருவுக்கு மதில் உண்டு. மதிலில் ஆயிரக்கணக்கில் நுண்ணிய வாசல்கள். அண்ணாமலையாருக்கு 9 கோபுரம் போதும்; ஒரு செல்லுக்குப் போதாது. உள்ளே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலத்தில் இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏ, நூல்கண்டு நூல்கண்டாகப் புரதங்களில் சுற்றி அடுக்கப்பட்டிருக்கிறது. இறுகச் சுற்றிய பகுதி பூட்டிய சன்னிதி. தளர்ந்த பகுதி நடை திறந்தது. ஏற்பி எந்தச் செல்லிலும் ஒரே ஏற்பிதான். ஆனால் சிறுநீரகச் செல்லில் உப்பை உறிஞ்சும் மரபணுக்களின் நடை திறந்திருக்கும். ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்லில் வேறு நடைகள் திறந்திருக்கும். அதனால் ஒரே சேதி ஓரிடத்தில் 'உப்பை விடாதே' என்றும், இன்னோர் இடத்தில் 'இறுகு, தடித்துக்கொள்' என்றும் படிக்கப்படுகிறது.

ரத்தக்குழாய்க்கு இதில் நேரடிப் பங்கு உண்டு என்பது தாமதமாகத்தான் தெளிந்தது. உப்பும் அழுத்தமும் சிறுநீரகத்தின் விவகாரம் என்றே நெடுங்காலம் இருந்தார்கள். பாஸ்டனில் ஐரிஸ் ஜாஃப், மைக்கேல் மெண்டல்சன் இருவரும் 2005இல் மனித இதயத் தமனியின் தசைச் செல்களில் இந்த ஏற்பி இருப்பதையும், அது உட்கருவுக்குள் மரபணுக்களை இயக்குவதையும் காட்டினார்கள். 2012இல், தசைச் செல்லில் மட்டும் அந்த ஏற்பியை நீக்கிய எலிகளுக்கு வயதானபோது அழுத்தம் மற்ற எலிகளைப் போல ஏறவில்லை என்று தெரிந்தது. உட்கருவின் மதில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறொரு சாட்சி 2003இல் கிடைத்திருந்தது: அந்த மதிலைத் தாங்கும் லாமின் என்ற புரதத்தில் ஒரு பிழை ஏற்பட்ட குழந்தைகள் புரோஜீரியா என்ற நோயால் பத்து வயதிலேயே முதுமைக் கோலம் அடைகிறார்கள், அவர்களை முதலில் கைவிடுவது ரத்தக்குழாய்கள். ஓயாமல் ரத்தம் இடித்துக்கொண்டே ஓடும் இடத்தில், ஓட்டத்துக்குக் குறுக்கே, குழாயைச் சுற்றி வளைந்து கிடக்கும் தசைச் செல்களின் உட்கருக்கள் அவை. மதில் பலவீனமானால் அங்கேதான் முதலில் தெரியும்.

பெரியம்மாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. காவல்காரர் கதையை மட்டும் சொன்னேன். "அப்போ அந்த நொதிக்காரனை நான்தான் நாலு மாசமா கட்டிப்போட்டு வெச்சிருந்தேனா?" என்றார். குரலில் வருத்தத்தைவிடப் பெருமை அதிகம் இருந்ததாக எனக்குப் பட்டது. கஷாயத்தை நிறுத்திச் சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, அழுத்தம் பழைய இடத்துக்கு வந்தது. எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சில வாரங்கள் தினமும் ஒன்றரைப் பை அதிமதுர மிட்டாய் தின்ற 54 வயதுக்காரர் இதயம் நின்று இறந்ததை 2020இல் மருத்துவ இதழொன்று வெளியிட்டது. பொட்டாசியம் வற்றினால் இதயத் துடிப்பு தாளம் தப்பும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் தினம் 57 கிராம் கறுப்பு மிட்டாயை இரண்டு வாரம் தின்றாலே ஆபத்து வரலாம் என்பது அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் எச்சரிக்கை. 2024இல் ஸ்வீடனின் லிங்ஷாப்பிங் பல்கலைக்கழகம் 28 இளைஞர்களிடம் சோதித்தபோது, நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசிக் அமிலமே அழுத்தத்தைச் சராசரியாக 3 புள்ளி ஏற்றியது. பாட்டுக்கு நடுவே ஒரு துண்டை அடக்கிக்கொள்பவர் பயப்பட வேண்டியதில்லை; டம்ளர் டம்ளராக, மாதக்கணக்கில் என்றால்தான் சங்கடம். ஏற்கெனவே அழுத்தமோ சிறுநீரக, இதயக் கோளாறோ உள்ளவர்களுக்கு டம்ளருக்கு முன்னால் ஒரு மருத்துவர் வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காவில் விற்கும் சிவப்பு 'லிக்கரிஸ்' மிட்டாயில் பொதுவாக அதிமதுரமே கிடையாது. கறுப்பிலும் பலவற்றில் சோம்பு வாசனைதான். இந்த ஒரு விஷயத்தில் போலி, அசலைவிட நல்லவன்.

போன வாரம் கடைக்குப் போனபோது கடைக்காரரிடம் இன்னொரு சேதியும் சொன்னேன். வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரம் வேண்டும், வீக்கம் வேண்டாம் என்று மேல்நாட்டில் கிளிசிரைசினை மட்டும் பிரித்து நீக்கிவிட்டு மாத்திரையாக்கி விற்கிறார்கள் என்று.

அவர் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். "அந்த கிளிசிரி என்னமோ, அதானே இனிப்பு?"

"ஆமாங்கய்யா."

"மதுரத்தை எடுத்துட்டா அப்புறம் 'அதி' மட்டும்தானே தம்பி இருக்கும்? அதுக்கு எவ்வளவு வாங்கறான்?"

விலையைச் சொன்னேன். நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டவர், சாக்குப் பையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் அரைக் கால் கிலோ அதிமதுரம் கேட்டார். கடைக்காரர் கையை விட்டு அள்ளப் போனவர், நிமிர்ந்து, "பிரஷர் கிஷர் இருக்கா யம்மா?" என்றார்.